குடல் துள்ளாத செவ்வாய்க்கிழமை

அவருக்கு பிளாஸ்க் என்று பெயர் வைத்தது பஸ் கண்டக்டர். தினமும் காலை ஏழே காலுக்கு ஒரே நிறுத்தத்தில், ஒரே நீல நிற பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறும் ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? பஸ்ஸில் வருகிறவர்கள் அதில் காப்பி இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பக்கத்து இருக்கைக்காரர் வாய்விட்டே கேட்டுவிட்டார்: "சார், ஒரு வாய் கிடைக்குமா? தலை வெடிக்குது." பிளாஸ்க் பொய் சொல்லத் தெரியாமல் மூடியைத் திறந்து காட்டினார். அந்த மனிதர் அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை.

உள்ளே இருந்தது ஆட்டுக்குடல். சாண் நீளத் துண்டுகள் நாலைந்து, குளிர்ந்த உப்புத்தண்ணீரில் சுருண்டு கிடக்கும். கசாப்புக்கடையில் சூடு ஆறுவதற்குள் வாங்கி, கழுவி, இரண்டு மணி நேரத்துக்குள் மூலிகை ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆடு செத்தாலும் அதன் குடல் உடனே சாவதில்லை. உப்பும் சூடும் காற்றும் கிடைத்தால் அது பாட்டுக்கு நாலைந்து மணி நேரம் நெளிந்துகொண்டிருக்கும். ஆட்டுக்கே தெரியாத இந்த விஷயம் பிளாஸ்க்குக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒரே வேலைதான். வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலியை எந்தப் பச்சிலை தளர்த்தும் என்று பார்ப்பது. ஒரு கண்ணாடிக் குழாயில் உடம்புச் சூட்டுக்கு உப்புத்தண்ணீர் நிரப்பி, மீன்தொட்டிப் பம்பு ஒன்றால் குமிழி விட்டு, அதற்குள் குடல் துண்டைத் தொங்கவிடுவார்கள். கீழ்முனை கொக்கியில். மேல்முனையில் கட்டிய நூல் ஒரு மெல்லிய எழுதுகோலுக்குப் போகும். எழுதுகோலின் நுனி, புகைக்கரி படிந்த தாள் சுற்றிய உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். சுருக்கு மருந்து என்று அவர்கள் அழைக்கும் ஒன்றை இரண்டு சொட்டு விட்டால் குடல் வெடுக்கென்று சுருங்கும். எழுதுகோல் துள்ளி, கரியில் ஒரு வெள்ளைக் கோபுரம் வரையும். கழுவினால் இறங்கிவிடும். பிறகு பச்சிலைச் சாறு, அதன்மேல் மறுபடி இரண்டு சொட்டு. இந்தத் தடவை கோபுரம் குட்டையானால் பச்சிலை வேலை செய்கிறது. அதே உயரம் என்றால் அடுத்த பச்சிலைச் சாக்கைப் பிரிக்க வேண்டியதுதான்.

இருபத்திரண்டு வருஷமாக அவர்கள் அடுத்த சாக்கைத்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவி டாக்டரம்மா ஊசி போடும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். எந்தச் சாக்கில் எந்தச் செடி என்பது அவர் பூட்டி வைத்திருக்கும் நோட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு எண் மட்டும். "பேர் தெரிஞ்சா மனசு அந்தப் பக்கம் சாயும். குடலுக்கு மனசு கிடையாது, நமக்கு இருக்கு" என்பார். எதையும் ஆறு தடவை செய்து பார்க்காமல் நோட்டில் ஏற்றமாட்டார். எண்பத்தொன்றாம் எண் பச்சிலை குடலை நன்றாகத்தான் அடக்கியது. ஆறாவது தடவையில் பார்த்தால், அது குடலைக் கொன்று அடக்கியிருந்தது.

இந்த இடத்தில்தான் பிளாஸ்க்கின் வாழ்க்கையிலேயே பெரிய கூத்தைச் சொல்ல வேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் வயிற்றுவலி மருந்து தேடும் அந்தக் கட்டடத்தில், தீராத வயிற்றுவலிக்காரர் அவர்தான். வேலையில் சேர்ந்த மாதம் ஆரம்பித்தது. ஞாயிறு, விடுமுறை என்ற பாகுபாடு இல்லாமல் தினமும் காலை பத்து நாற்பதுக்கு, தொப்புளுக்குக் கீழே இடதுபக்கம் ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு முறுக்கு. பத்து நிமிஷம். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் விட்டுவிடும். நாலு டாக்டர்களிடம் காட்டியாயிற்று. மூன்று பேர் "ஒண்ணுமில்ல" என்றார்கள். நாலாமவர் "கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அதிலிருந்து கவலையும் சேர்ந்துகொண்டது.

ஆய்வுக்கூடத்தில் யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. குடல் தளர்த்தும் இடத்தில் குடல் முறுக்கோடு ஒரு ஆள் என்றால் சிரிப்பாய்ச் சிரிப்பார்களே! பத்து முப்பத்தைந்து ஆனதும் தராசு அறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொள்வார். மேஜைக்குப் பின்னால் தரையில் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு படுத்துக்கிடப்பார். டாக்டரம்மா இதைப் பார்த்து, அதாவது தாழ்போட்ட கதவைப் பார்த்து, அவருடைய பணிப்பதிவேட்டில் எழுதியிருந்தார்: 'எடை போடுவதில் மிகுந்த நிதானம் உள்ளவர்.'

அவருடைய மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் லாரிக்கு நேரே வண்டியை விடும்போதும் குரல் ஏறாத பெண்மணி. அவர் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இருபது வருஷமா அந்தம்மா குடலைத்தானே பார்க்கறாங்க? ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிடும்?"

"அவங்க பார்க்கறது ஆட்டுக்குடல்."

"உங்க குடல் மட்டும் என்ன, தங்கத்துல செஞ்சதா?"

பிளாஸ்க் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். ஆனால் அவர் சும்மாவும் இருக்கவில்லை. எழுதுகோல் கொஞ்சம் தாழ்ந்தாற்போல் தெரிந்த ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து, வீட்டில் கொதிக்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுவார். இது திருட்டுத்தான். அவர் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார், மேல்விசாரணை. முப்பத்திநாலு இரண்டு நாள் விக்கல் கொடுத்தது. அறுபதில் நாக்கு மரத்துப்போய் ஒரு வாரம் உப்பும் தெரியவில்லை, சர்க்கரையும் தெரியவில்லை. நூற்றுப்பன்னிரண்டைக் குடித்த அன்று அவர் உடம்பிலிருந்து வந்த வாடைக்குப் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. பத்து நாற்பது வலி எதையும் மதிக்கவில்லை.

டாக்டரம்மா ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது நூற்று நாற்பத்தேழாம் சாக்கைப் பிரித்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை.

குழாய்க்கு மேலே மாட்டியிருந்த முதல் ஜாடி உப்புத்தண்ணீரில் குடல் பிரமாதமாகத் துள்ளியது. கோபுரம் கோபுரமாக வரைந்து தள்ளியது. அந்த ஜாடி காலியாகவும், பிளாஸ்க் தராசு அறையில் தயாரித்து வைத்திருந்த இரண்டாவது ஜாடியை மாட்டினார்கள். நாலைந்து முறை கழுவிவிட்டு, நூற்று நாற்பத்தேழின் சாற்றை விட்டார் டாக்டரம்மா. மூன்று நிமிஷம் பொறுத்து இரண்டு சொட்டு சுருக்கு மருந்து.

எழுதுகோல் அசையவில்லை.

மறுபடி இரண்டு சொட்டு. பிறகு நாலு. பிறகு டாக்டரம்மா எண்ணுவதையே விட்டுவிட்டார். கரித்தாளில் கோடு, ரூல் வைத்துப் போட்டதுபோல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. கழுவிப் பார்த்தார்கள். ஏழு முறை கழுவியும் குடல் பச்சிலையின் பிடியிலிருந்து வெளியே வரவில்லை. ஒரே சாதுவாகத் தொங்கியது.

"இத்தனை கழுவியும் போகல பாருங்க! மணிக்கணக்குல நிக்குது!" டாக்டரம்மாவின் குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விரலில் இருந்த கரி கன்னத்தில் ஈஷியது.

எதையும் ஆறு தடவை செய்கிற டாக்டரம்மா இந்த ஒன்றை இரண்டாவது தடவை செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். உண்மையைச் சொன்னால், பயம். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து வந்த விருந்தாளியிடம் நீ யார், அடையாளச் சீட்டு எங்கே என்று யார் கேட்பார்கள்? கரி கலையாமலிருக்கத் தாளை வார்னிஷில் முக்கிக் காயவைத்து, அதன் படத்தோடு மேலிடத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

பிளாஸ்க் அன்று சாயங்காலமே வீட்டில் மேல்விசாரணையை ஆரம்பித்தார். கஷாயம் வைக்கோல் கழுவிய தண்ணீர்போல் இருந்தது. மறுநாள் காலை பத்து முப்பத்தைந்துக்கு வழக்கம்போல் தராசு அறையில் போய்ப் படுத்துக்கொண்டார். பத்து நாற்பது வந்தது. பத்து ஐம்பது வந்தது. வலி வரவில்லை. தரையில் படுத்தபடியே மேஜையின் அடிப்பாகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அங்கே ஒரு சிலந்திவலை இருப்பது கண்ணில் பட்டது. எழுந்து உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதார்.

வியாழனும் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. கசாப்புக்கடையில், பஸ்ஸில், கண்ட இடத்தில் பீற்றிக்கொண்டார். வீட்டில் மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, மேடு ஏறி இறங்கின வண்டி மாதிரி இருக்கீங்க?" என்றார்.

சனிக்கிழமை அவருடைய வெள்ளைக் கோட்டு துவைக்கப் போடும் நாள்.

"ஏங்க, பையில என்னமோ பிசுபிசுங்குது. மையும் இல்ல, எண்ணெயும் இல்ல. நாக்குல வச்சேன், உப்பும் கசப்புமா இருக்கு."

"எதையும் நாக்குல வச்சுடுவியா நீ?"

"நீங்க குடிக்காததா?"

மனைவி நீட்டியது ஊறிப்போன ஒரு காகிதப் பொட்டலம். அதில் அவர் கையெழுத்திலேயே 'ஜாடி 2, கால்சியம்' என்று எழுதியிருந்தது. பிளாஸ்க் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த உப்புத்தண்ணீரில் ஏழு சாமான். ஆறை முதலிலேயே கரைத்துவிடலாம். கால்சியம் உப்பை மட்டும் கடைசியில் தனியாகக் கரைத்து, கலக்கிக்கொண்டே சிறுகச் சிறுக விட வேண்டும். அவசரப்பட்டால் தண்ணீர் சுண்ணாம்பாய் வெளுத்து மொத்தமும் பாழ். அந்த உப்பு திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தானே தண்ணீராகிவிடும் ரகம். எல்லாவற்றுக்கும் மேலாக, கால்சியம் இல்லாத தண்ணீரில் எந்தக் குடலும் சுருங்காது. மூலிகையை விட்டாலும் சுருங்காது, விடாவிட்டாலும் சுருங்காது. செவ்வாய்க்கிழமை பொட்டலம் கையில் இருக்கும்போது மணி பத்து நாற்பது. வலியில் அதைப் பைக்குள் செருகிக்கொண்டு படுத்தவர், எழுந்ததும் ஜாடி பளிங்குபோல் தெளிந்திருப்பதைப் பார்த்து, எல்லாம் போட்டாயிற்று என்று தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஆக, நூற்று நாற்பத்தேழு ஒரு மண்ணும் செய்யவில்லை. அது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவருக்கோ, அதைக் குடித்து நாலு நாளாக வலி இல்லை!

ஞாயிற்றுக்கிழமை முழுக்க பிளாஸ்க் தனக்குள் வழக்காடினார். பொய் என்று தெரிந்துவிட்டதே, இனிக் குடித்தால் கேட்குமா? குடித்தார். பத்து நாற்பதுக்கு வலி வரவில்லை. சரி, டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டாமா? சொல்லத்தான் வேண்டும். சொன்னால் சாக்கைத் தூக்கிக் குப்பையில் கொட்டுவார்கள், வலி தராசு அறையில் வந்து காத்திருக்கும். நாலு நாள் நிம்மதியை ருசித்த மனுஷனை மறுபடி அந்தத் தரையில் போய்ப் படு என்றால் எப்படி? திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை சொல்லலாம் என்று முடிவு செய்தார்.

இதற்கு நடுவே மேலிடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. வியாழக்கிழமை மூன்று அதிகாரிகள் நேரில் வந்து மூலிகையின் மகிமையைக் கண்ணால் பார்ப்பார்களாம். டாக்டரம்மா சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டார்.

கசாப்புக்கடைக்காரர் திங்கட்கிழமையே பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சார், நேத்திலிருந்து வயிறு ஒரே பிடுங்கல். வலது பக்கமா இறங்குது. உங்க மருந்து ஒரு வாய் குடுங்க சார், அதான் அன்னிக்கு அப்படிப் புகழ்ந்தீங்களே."

பிளாஸ்க் ஒரு நொடி தயங்கினார். அந்த ஒரு நொடியை அவர் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டதுண்டு. அது பொய் மருந்து என்று அவருக்குத் தெரியும். தனக்கு வேலை செய்கிறது என்றும் தெரியும். அடுத்தவருக்கும் கேட்டுவிட்டால், தன் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவமில்லை என்று ஆகிவிடுமே என்ற நப்பாசை. செவ்வாய்க்கிழமை காலை ஒரு பாட்டில் கஷாயம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

புதன்கிழமை கசாப்புக்கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "காலைல நாலு மணி வரைக்கும் உயிர் போச்சு சார். அப்புறம் பட்டுனு விட்டுடுச்சு. சுத்தமா வலியே இல்ல!" முகம் வெளுத்து, நெற்றி வியர்த்திருந்தது. பிளாஸ்க் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

வியாழக்கிழமை காலை கடையில் கசாப்புக்கடைக்காரர் இல்லை. அவருடைய மனைவி அழுது வீங்கிய கண்ணோடு குடலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அவரை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு அண்ணே. குடல்வால் வெடிச்சுப்போச்சாம். வெடிச்சதும் கொஞ்ச நேரம் வலி விட்ட மாதிரி இருக்குமாம், அதைப் போய் இவரு மருந்து கேட்டுடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு நேத்து முழுக்க கடைல நின்னிருக்காரு. இன்னும் அரை நாள் விட்டிருந்தா ஆளே இல்லன்னு டாக்டர் சொல்றாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"பிழைச்சுட்டாரு. அவர்கிட்டயும் ஒரு துண்டு வெட்டி எடுத்துட்டாங்க." சொல்லிவிட்டு, தான் சொன்னது காதில் விழுந்து, அந்தப் பெண் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். பிறகு பிளாஸ்க்கில் குடலைப் போட்டு மூடிக் கையில் கொடுத்தார். "கண்ணு முழிச்சதும் உங்களைத்தான் கேட்டாரு. இன்னொரு பாட்டில் வேணுமாம்."

பஸ்ஸில் பிளாஸ்க் உட்காரவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

தராசு அறையில் இரண்டு ஜாடிகளையும் வைத்துக்கொண்டு ஏழு சாமானையும் நிறுத்தார். முதல் ஜாடி முடிந்தது. இரண்டாவது ஜாடிக்கான கால்சியத்தைத் தனியாகக் கரைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இதை ஜாடியில் விடாமல் வாஷ்பேசினில் ஊற்றிவிட்டால் வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள், டாக்டரம்மா மாலையோடு வீட்டுக்குப் போவார், கஷாயம் ஊர் ஊராய்ப் போகும், தன் வயிறும் இப்படியே இருக்கும். ஊற்றிவிடலாம் என்றுதான் கையைக் கொண்டுபோனார். கசாப்புக்கடைக்காரரின் வெளுத்த முகமும் வியர்த்த நெற்றியும் இப்போதுதான் அவர் கண்ணில் பட்டன, ஒருநாள் தாமதமாக. கலக்கிக்கொண்டே சிறுகச் சிறுக ஜாடியில் விட்டார். கொஞ்சம் சிந்தியது. அதையும் அளந்து சேர்த்தார். பதிவேட்டில் எழுதியது பொய்யில்லை, நிதானமான ஆள்தான்.

டாக்டரம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடலாம் என்று வெளியே வந்தால், அதற்குள் அதிகாரிகள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. ஒருவரிடம் கோப்பு, ஒருவரிடம் கேமரா. மூத்தவரிடம் ஒன்றுமில்லை, வயிற்றின்மேல் கோத்த கைகள் மட்டும். அறை முழுக்க வெள்ளையடித்த வாடை. டாக்டரம்மா பேச ஆரம்பித்துவிட்டார். பிளாஸ்க் இரண்டாவது ஜாடியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார்.

முதல் ஜாடியில் குடல் துள்ளியது. இரண்டாவது ஜாடி மாட்டப்பட்டது. கழுவினார்கள். சாறு விட்டார்கள். "இப்ப பாருங்க" என்றார் டாக்டரம்மா, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு சொட்டு விட்டார்.

குடல் வெடுக்கென்று சுருங்கியது. எழுதுகோல் துள்ளி ஏறி, அன்றைக்கு வரைந்ததிலேயே உயரமான கோபுரத்தை வரைந்துவிட்டு நின்றது.

டாக்டரம்மாவின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. பிளாஸ்க் தரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கோப்புக்காரர் கைதட்டினார்.

"அடேயப்பா! என்ன வேகம்!" என்றார். கேமராக்காரரும் கைதட்டினார். "மருந்து பட்டதும் எப்படி எகிறுது பாத்தீங்களா? நான் என்னமோன்னு நினைச்சேன், அபாரம்மா, அபாரம்!" கோப்புக்காரர் எதையோ எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

பாவம், அவர்களுக்குக் கோபுரம் ஏறினால் நல்லதா இறங்கினால் நல்லதா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. எல்லா அலுவலகத்திலும் கோடு மேலே போனால் நல்லதுதானே! டாக்டரம்மா சிலைபோல் நின்றார். ஒரு நன்றி சொன்னால் போதும், எல்லாம் சுபமாக முடிந்துவிடும். அவர் உதடு அசைந்தது. என்ன சொல்ல வந்தாரோ, அதற்கு முன்னால் பிளாஸ்க் பேசிவிட்டார்.

"ஐயா, இது வேலை செய்யல. வேலை செஞ்சிருந்தா கோடு படுத்திருக்கணும்."

"யாரு இவரு?" என்றார் கோப்புக்காரர்.

"குடல் கொண்டுவர்றவன். அன்னிக்குப் படுத்ததுக்கும் மருந்து காரணம் இல்லீங்க. நான் கால்சியம் போட மறந்துட்டேன்." கோட்டுப் பையை இழுத்துக் காட்டினார். துவைத்தும் போகாத கறை ஒன்று அங்கே இருந்தது. "சனிக்கிழமையே எனக்குத் தெரியும். சொல்லல. இதைக் குடிச்சதுலேருந்து எனக்கு வயித்துவலி நின்னுபோச்சு. சொன்னா மறுபடி வந்துடுமேன்னு சொல்லல. பொய்ன்னு தெரிஞ்சும் இன்னொருத்தருக்குக் கொடுத்தேன். அவரு இப்ப ஆஸ்பத்திரில கிடக்காரு."

டாக்டரம்மா திரும்பி அவரைப் பார்த்தார். அப்படி ஒரு கோபத்தை பிளாஸ்க் அந்த முகத்தில் பார்த்ததே இல்லை. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஒன்பது நாளாகச் சுமந்த பயத்தை யாரோ தோளிலிருந்து இறக்கி வைத்ததுபோல்.

"வயித்துவலியா? உங்களுக்கா?" என்றார்.

பிளாஸ்க்கின் நேரமான பத்து நாற்பது ஆகியிருந்தது. முறுக்கு வந்துவிட்டது. எட்டு நாள் பாக்கியையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்தது. இடுப்பில் கையை வைத்து அப்படியே மடங்கி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, வெள்ளையடித்த சுவரோரமாகத் தரையில் படுத்துவிட்டார்.

"ஐயோ, அந்த மருந்தை அவருக்குக் கொடுங்க!" என்று கத்தினார் கேமராக்காரர்.

"வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. அவர் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். "எத்தனை நாளா இது?"

"நாள் இல்லம்மா. இருபத்திரண்டு வருஷம்."

"தினமுமா? அந்த அறைக்குள்ளயா?" தராசு அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "எடை போடறீங்கன்னு நினைச்சேனே. நானும் ஒரு மனுஷியா! ஒரு தடவை கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாமே." கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "எங்க வலிக்குது? காட்டுங்க."

பிளாஸ்க் காட்டினார். டாக்டரம்மா கரிபடிந்த கையை அவர் சட்டையின்மேல் வைத்து அழுத்தினார். எத்தனையோ ஆயிரம் குடலைக் கையாண்ட கைக்கு உயிருள்ள மனிதனின் வயிறு புதிது. ஆனால் உள்ளே இருந்த முறுக்கு அந்தக் கைக்குப் புதிதல்ல. அது ஏறுவதும் நிற்பதும் அவருக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். "ஏறுது. ஏறுது. இப்ப உச்சில நிக்குது. மூச்சைப் பிடிக்காதீங்க. அவ்வளவுதான், இனிமே இறங்கும். இறங்குது பாருங்க."

இறங்கியது. சட்டென்று இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. பத்து நிமிஷமா நாலு நிமிஷமா என்று யாரும் மணி பார்க்கவில்லை. பிளாஸ்க் கண்ணைத் திறந்தபோது டாக்டரம்மாவின் கை இன்னும் அங்கேயே இருந்தது. "உங்க மேல எனக்கு இருக்கிற கோபம் போகல" என்றார் அவர். "நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறோம், ரெண்டு பேரும். அப்புறம் உங்களை நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். ஒண்ணுமில்லன்னு சொன்னா நான் விடமாட்டேன்."

கோப்புக்காரர் கோப்பை மூடுவதா, தான் போட்ட இரண்டு கோட்டை அழிப்பதா என்று விழித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அதுவரை வாயே திறக்காத மூத்த அதிகாரி எழுந்து வந்து அவர்கள் பக்கத்தில் நின்றார். கைகள் இன்னும் வயிற்றின்மேல்தான் இருந்தன.

"அம்மா," என்றார் மெதுவாக, கூட வந்தவர்கள் காதில் விழக்கூடாதென்று. "எனக்கும் அங்கதான் வலிக்கும். எட்டு வருஷமா. வீட்டுலகூடச் சொன்னதில்ல."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "படுங்க" என்றார்.

அதிகாரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிளாஸ்க் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.